இருபத்தேழாவது பெயருக்கு இன்ஷியல் இல்லை

சேர்க்க வேண்டிய பயனரின் பெயர் என்ன என்று கறுப்புத் திரை கேட்டது. தணிகாசலம் அடித்தார். எஸ், கீழ்க்கோடு, குணவதி. கடவுச்சொல்? அடித்தார். இன்னொரு முறை? அடித்தார். இவருக்கு எல்லா அதிகாரமும் தரலாமா, ஆமா இல்லையா? இல்லை. இவர் புதிய தரவுத்தளங்களை உருவாக்கலாமா? இல்லை. இவர் புதிய பயனர்களை உருவாக்கலாமா? இல்லை. அவ்வளவுதான், கரூர் கிளை மருந்தகத்துக் குணவதிக்கு இனி இந்த மருத்துவமனையின் கணினிக்குள் ஒரு வாசல் உண்டு. ஆளுக்கு ஆறு கேள்வி, நாற்பத்தொரு பேர், இதோடு பன்னிரண்டு முடிந்தது. பக்கத்து அறை இளசுகள் பார்த்தால் சிரிப்பார்கள். நாற்பத்தொரு பெயரையும் ஒரு கோப்பில் போட்டு ஒரே தட்டில் கொட்டிவிட வேண்டியதுதானே சார் என்பார்கள். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, கேள்வி வரும், பதில் அடிக்க வேண்டும், பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஒவ்வொருவராக வாசலில் நிறுத்தி விசாரித்து உள்ளே விடுகிறார். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்பது அவர் நினைப்பு, பெரிசுக்குப் பிடிவாதம் என்பது அவர்கள் நினைப்பு, இரண்டும் உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இன்றைக்கு அவர் இத்தனை மெதுவாக அடிப்பதற்கு மரியாதை காரணமில்லை. இருபத்தேழு வருவதைத் தள்ளிப்போட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பட்டியல் காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. கரூரில் ஒரு சின்ன மருத்துவமனையை இவர்கள் நிர்வாகம் வாங்கியிருக்கிறது, கட்டடம், கட்டில், ஸ்கேன் இயந்திரத்தோடு நாற்பத்தொரு ஊழியர்களும் கைமாறியிருக்கிறார்கள். பணியாளர் பிரிவு ஷெரீன் விடிந்ததும் திருச்சியிலிருந்து கிளம்பி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒவ்வொருவரின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டி, மடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். வரிக்கு ஒரு ஆள்: இன்ஷியல், பெயர், பிறந்த தேதி, வேலை, அலைபேசி எண், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர். பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்குமான கடைசி இரண்டு கட்டம் காலி, அதைத் தணிகாசலம் நிரப்ப வேண்டும். கடவுச்சொல் எல்லாருக்கும் ஒன்றேதான், மருத்துவமனையின் பெயரோடு இந்த வருஷம், உள்ளே போனதும் அவரவர் மாற்றிக்கொள்வார்கள். பயனர் பெயருக்கு ஒரு விதி. இன்ஷியலுக்கு ஓர் எழுத்து, கீழ்க்கோடு, பிறகு பெயர். விதி அவர் போட்டதுதான். ஒரு காலத்தில் இங்கே இரண்டு செல்வராணிகள் இருந்து, ஒருத்தி செய்த ரத்தப் பரிசோதனை இன்னொருத்தி பெயரில் பதிவாகி, சம்பந்தமில்லாதவள் ஒரு வாரம் அழுதுகொண்டிருந்தாள். அப்போது கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார், இன்ஷியல் இல்லாமல் இனி யாரும் உள்ளே வரக் கூடாது என்று. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மணிப்பூரிலிருந்து செவிலியர் பெண்கள் வந்தார்கள். இன்ஷியல் என்னம்மா என்றால் விழித்தார்கள். அப்பா பேரோட முதல் எழுத்து என்று விளக்கியதும், எங்க ஊர்ல அப்படி வைக்க மாட்டோம் சார் என்று தோய்பி என்ற பெண் தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னாள். விதியை உடைக்க அவருக்கு மனமில்லை. சரி, எக்ஸ் போட்டுக்கோ என்றார். இன்ஷியல் இல்லாதவர்களுக்கு எக்ஸ் என்பது அப்படி வந்தது. அப்பன் பேர் இல்லாத எக்ஸ் என்று கேன்டீனில் எவனோ கேலி பேசினான், இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் எங்கேயோ கிடந்துவிட்டு இன்றைக்குப் பார்த்து ஏன் எழுந்து வர வேண்டும்.

பதிமூன்று, எம், கீழ்க்கோடு, பொற்கொடி. இல்லை, இல்லை, இல்லை. பதினான்கு, பி, கீழ்க்கோடு, இன்னாசிமுத்து. விரல் பாட்டுக்கு அடிக்கிறது, கண் பாட்டுக்குப் பட்டியலில் கீழே கீழே இறங்குகிறது. இருபத்தேழாவது வரியில் இன்ஷியல் கட்டம் காலி. பெயர் அருள்விழி. காலையில் முதல் தடவை பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டார், நாட்டில் அருள்விழிக்கா பஞ்சம். பிறந்த தேதியைப் பார்த்தார். அந்தத் தேதியில் புத்தூர் பிரசவ ஆஸ்பத்திரியில் மின்சாரம் போய்விட்டது, நர்ஸ் டார்ச் அடித்துக் குழந்தையைக் காட்டினாள், அந்த வட்ட வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கண்தான், ரெண்டும் முழித்துக்கொண்டு இவரையே பார்த்தன, அதனால்தான் விழி. வேலை, ஆய்வகம். நுண்ணுயிரியல் படிக்கப் போகிறேன் என்றவளிடம் கிருமியோட என்னம்மா உனக்குச் சகவாசம் என்று இவர்தான் கேலி செய்தார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர், மனோன்மணி, தாய். அதற்குப் பக்கத்தில் இருந்த பத்து இலக்கத்தை அவர் படிக்கக்கூட வேண்டியதில்லை. அவர் வீட்டு மேசை மேல் சார்ஜில் கிடக்கும் போனின் எண். மத்தியானம் இரண்டு மணிக்கு எப்போது கூப்பிட்டாலும் அது வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கும். யாரு என்று கேட்டால் அக்கா என்பாள் மனோன்மணி. ஆறு வருஷமாக அந்த அக்காவுக்கு இரண்டு மணிக்குப் பேச விஷயம் இருந்திருக்கிறது. உலகத்தில் யாருக்கு எந்தக் கதவு, எந்தப் பூட்டு என்று பதினெட்டு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிற மனுஷன் தன் வீட்டில் ஒரு வாசல் திறந்தே கிடப்பதைப் பார்க்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எண்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ரெண்டு மணி நேரம், இத்தனை பக்கத்திலா இருந்தாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பத்தொன்பது. கேள்வி, பதில், கேள்வி, பதில். சென்னையில் இருப்பாள், பெங்களூரில் இருப்பாள் என்றுதான் நினைத்துவைத்திருந்தார், தூரத்தில் இருப்பவளை மறப்பது சுலபம் என்று ஒரு கணக்கு. மறந்தாரா என்றால் அதுவும் இல்லை. உறையூர் வீட்டின் இரண்டாம் மாடி, மதியம் பன்னிரண்டு மணி, இரும்புக் கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் அருள்விழி, அவளுக்குப் பின்னால் ரெண்டு படி கீழே அந்தப் பையன். ரெண்டு நாள் முந்தி பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. பையன் நம்ம ஆளுங்க இல்லை. அதை மட்டும்தான் யோசித்தார், அவன் முகம்கூட இப்போது நினைவில்லை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு படியில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது, உள்ளே கூப்பிடுவார்கள் என்று நம்பியிருக்கிறான் பாவம். பூட்டு உள்பக்கம் தொங்கியது. சாவி சட்டைப் பையில் இருந்தது. கிரில் வழியாகவே பேசினார். வெட்டுவேன் குத்துவேன் என்று கத்துகிற ஜாதி இல்லை அவர், குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே என் இன்ஷியலைப் போட்டுக்காதே." அழுவாள் என்று நினைத்தார். காலில் விழுவாள், ஏதாவது கேட்பாள், அப்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். அவள் சரிப்பா என்றாள். பால் வாங்கிட்டு வா என்றால் சொல்வாளே, விளக்கை அணைச்சிடு என்றால் சொல்வாளே, அதே சரிப்பா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சொன்னதைச் சொன்ன அளவுக்கு எடுத்துக்கொள்கிற பிள்ளை, பேச்சுக்குச் சொன்னது, கோபத்தில் சொன்னது என்றெல்லாம் பிரிக்கத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டே சொன்னார் என்பதுதான் இத்தனை வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அவன் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

இருபத்து நான்கு, ஏ, கீழ்க்கோடு, ஹபீபுல்லா. இருபத்தைந்து. ஆனால் அவள் புருஷன் இன்ஷியலையும் போடவில்லையே. அங்கேதான் மனசு போய் மாட்டிக்கொண்டது, புடவை முந்தானை ஆணியில் மாட்டினாற்போல. கல்யாணமான பெண்கள் அப்பா எழுத்தை எடுத்துவிட்டுப் புருஷன் எழுத்தைப் போடுவார்கள், இல்லையென்றால் அப்பா எழுத்தையே வைத்துக்கொள்வார்கள், அம்மா எழுத்துக்கூட இப்போது சிலர் வைக்கிறார்கள், மனோன்மணிக்கு ஓர் எழுத்து போட்டிருக்கலாம். ஒன்றும் போடாமல் கட்டத்தைக் காலியாக ஏன் விட்டாள். காலி என்றால் ஒருவருக்காகப் போட்டு வைத்த இடமாகவும் இருக்கலாம் அல்லவா. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு வைக்கிற மாதிரி. இது அசட்டுத்தனம் என்று அவருக்கே தெரிந்தது, தெரிந்தும் அந்த நினைப்பை விட்டு நகர முடியவில்லை, அது இருபத்தாறாவது ஆளின் ஆறு கேள்விக்கும் நடுவில் உட்கார்ந்து அவரைச் சூடாக வைத்திருந்தது. எல்லா அதிகாரமும் தரலாமா? இல்லை. அவள் வைத்திருக்கிறாள். இவர் புதிய பயனர்களை உருவாக்கலாமா? இல்லை. எனக்காகத்தான் வைத்திருக்கிறாள்.

சேர்க்க வேண்டிய பயனரின் பெயர் என்ன?

எக்ஸ் என்று அடித்தார். விதி அதுதான். அந்த எழுத்து திரையில் குறுக்கே ரெண்டு கோடு போட்டதுபோல் நின்றது. பரீட்சைத் தாளில் தப்பான விடைக்குப் போடுவது. அழித்தார். கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஷெரீனைக் கூப்பிட்டு இருபத்தேழுக்கு இன்ஷியல் என்னம்மா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும், கேட்டால் அவள் அருள்விழியிடம் கேட்பாள், அருள்விழி ஏதாவது சொல்லுவாள், அதைக் கேட்க அவருக்குத் தைரியமில்லை. டி என்று அடித்தார். தணிகாசலத்தின் டி. கீழ்க்கோடு. அருள்விழி. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் விரல் அந்தப் பெயரை எழுதுகிறது, பள்ளிக்கூட நோட்டு அட்டையில் இப்படித்தான் எழுதிக் கொடுப்பார், டி. அருள்விழி, ஒன்றாம் வகுப்பு, ஆ பிரிவு. கடவுச்சொல்? மருத்துவமனையின் பெயரை அடிக்கப்போன விரல் நின்றது. ஒன்றாம் வகுப்பில்தான் அந்தப் பிள்ளை பிடிக்கிறவன் பயம் வந்தது. உன் அப்பா அனுப்பினார் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறானாம் என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளி வாசல் கூடைக்காரியிடம் கொடுக்காப்புளி வாங்கி ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு ரெண்டு பேரும் தின்றபடியே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் வந்து கூப்பிட்டாலும் ஒரு வார்த்தை கேள், அதைச் சொன்னால்தான் போகணும், அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. என்ன வார்த்தைப்பா? நீயே சொல்லு. கையில் இருந்ததையே சொன்னாள். அப்புறம் ஒரு மழை நாளில் இவரே போனார். ஹெல்மெட், மழைக்கோட்டு, மணி வேறு ஆகிவிட்டது. அவள் காவல்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "வார்த்தை சொல்லுங்க." "அடியே, நான்தாண்டி அப்பா." "அப்பான்னு யார் வேணா சொல்லலாம். வார்த்தை சொல்லுங்க." கொட்டுகிற மழையில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கொடுக்காப்புளி என்று கத்தினார், காவல்காரர் சிரித்தார், அவள் ஓடி வந்து ஈரக் கோட்டோடு கட்டிக்கொண்டாள். அந்த வார்த்தையை அடித்தார். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது, அந்த இருட்டு இன்றைக்கு வசதியாக இருந்தது. இன்னொரு முறை? இன்னொரு முறை அடித்தார். இவருக்கு எல்லா அதிகாரமும் தரலாமா? ஆமா என்பதற்கான எழுத்தின் மேல் விரல் போய்விட்டது, இழுத்துக்கொண்டார், மற்ற பிள்ளைகளின் ரத்தமும் சிறுநீரும் பற்றிய விஷயம், விளையாட்டில்லை. இல்லை. தரவுத்தளம்? இல்லை. இவர் புதிய பயனர்களை உருவாக்கலாமா? இந்தக் கேள்வியில்தான் போன வருஷம் அலமாரியில் பார்த்த வசம்பு வளையல் ஞாபகம் வந்தது. பச்சைக் குழந்தைக்குப் போடுகிற சின்னஞ்சிறு வளையல், ரெண்டு. யாருக்கு என்று கேட்டார். கீழ்வீட்டுப் பேத்திக்கு என்றாள் மனோன்மணி. கீழ்வீட்டில் கல்யாணமான பிள்ளையே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பெண்ணா, பையனா. இப்போது நடக்குமா. கண் யாருடையது. கேள்வி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து இல்லை என்று அடித்தார், அடித்தது ஒரு குழந்தையைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

பட்டியலின் கடைசிக் கட்டத்தில் எல்லாருக்கும் பொதுவான கடவுச்சொல் இருக்க, இருபத்தேழில் மட்டும் கொடுக்காப்புளி என்று நிரப்பி அனுப்பினார். மணி ஒன்று இருபது. ஷெரீன் வெட்டுவாள், மடிப்பாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பாள். அருள்விழி பிரிப்பாள். மேலே என் எழுத்து, கீழே நம் வார்த்தை. வேறு எதுவும் சொல்ல வேண்டாம், மன்னிப்பு என்றெல்லாம் பேசத் தெரியாது அவருக்கு, இது போதும், இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது, அவள் கெட்டிக்காரி, புரிந்துகொள்வாள். டிபன் பாக்ஸைத் திறந்தார், தயிர் சாதத்தை மூடினார். அழுவாளோ. ஓடி வெளியே போய் மனோன்மணிக்குப் போன் செய்வாளோ, ரெண்டு மணிக்குத்தானே பேசுவார்கள், இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனோன்மணி கதவைத் திறக்கும்போதே முகத்தில் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கரூருக்குப் போகலாம். குழந்தைக்கு என்ன வாங்குவது. வயசே தெரியவில்லையே. ஒன்று ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

"சார், எல்லாருக்கும் லாகின் ஆயிடுச்சு. இருபத்தேழு மட்டும் ஒரு சின்ன கரெக்‌ஷன்" என்றாள் ஷெரீன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன.

"என்னம்மா."

"இன்ஷியல் காலியாத்தானே சார் அனுப்பியிருந்தேன். டின்னு வந்திருக்கு. மேல் வரியிலேர்ந்து மாறி விழுந்திருச்சா?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"துண்டைப் பிரிச்சுப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க சார். அப்புறம் எங்கிட்ட, மேடம், இந்தப் பாஸ்வேர்டு எல்லாருக்கும் இதேதானான்னு கேட்டாங்க. ஆமாம்மா, நாப்பத்தொரு பேருக்கும் ஒண்ணுதான், உள்ள போய் மாத்திக்கோங்கன்னு சொன்னேன்."

ஷெரீன் பத்து வருஷமாகச் சொல்கிற வாக்கியம் அது, துண்டைப் பார்த்தா சொல்லியிருப்பாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? அதுக்கப்புறம்தான் இன்ஷியலைச் சொன்னாங்க. இது என்னோடது இல்ல, இன்ஷியல் இல்லாதவங்களுக்கு என்ன போடுவீங்கன்னு கேட்டாங்க. எக்ஸ்னேன். அப்ப அதையே போடச் சொல்லுங்கன்னாங்க. மாத்திடுறீங்களா சார், வெயிட் பண்றாங்க."

"மாத்திடுறேன்ம்மா."

போனை வைத்துவிட்டார், கை இன்னும் அதன் மேலேயே இருந்தது. ஷெரீன், அது எல்லாருக்கும் இல்லை, அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஏன் சார் என்று கேட்டிருப்பாள். அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். பதில் இருந்தது, என் மகள் என்ற ரெண்டே வார்த்தை, அது வாய்வரை வந்து உள்பக்கம் பூட்டிய கிரில்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது. நாற்பத்தொரு பேருக்கும் கொடுத்துவிட்டார் என்று அருள்விழி நினைத்திருக்கிறாள். மருந்தகத்துக் குணவதிக்கும் இன்னாசிமுத்துவுக்கும் ஹபீபுல்லாவுக்கும் கொடுக்காப்புளி. அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்றவர், ஆள் போன பிறகு அந்த வார்த்தை சும்மாதானே கிடக்கிறது என்று ஊருக்கெல்லாம் எடுத்து விநியோகித்துவிட்டார் என்று. அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாமே, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் இவருடையதாக இருந்திருக்கும். ஷெரீன் ஆமா சொல்வதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரம். திரைக்குத் திரும்பினார். பெயரை மாற்றும் கட்டளையை அடித்தார். டி போய் எக்ஸ் வந்தது. அதன் கீழே ஓர் அறிவிப்பு விழுந்தது: பெயர் மாற்றப்பட்டதால் கடவுச்சொல் நீக்கப்பட்டது. அவருக்குத் தெரிந்ததுதான். இது பழைய சேவையகம், கடவுச்சொல்லைப் பெயரோடு சேர்த்து அரைத்துத்தான் வைத்துக்கொள்ளும், இட்லி மாவுபோல, அரைத்த பிறகு உளுந்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பெயர் மாறினால் மாவு முழுக்கப் போச்சு. எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறார், கல்யாணமாகி எழுத்து மாற்ற வரும் பெண்களுக்கு, பேர் மாத்தினா பழைய பாஸ்வேர்டு செத்துப்போகும்மா, புதுசு போட்டுக்கோ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். என் இன்ஷியலைப் போட்டுக்காதே என்று கிரில் வழியாகச் சொன்ன அன்றைக்கு, அதோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

எக்ஸ், கீழ்க்கோடு, அருள்விழிக்குப் புதிய கடவுச்சொல்? திரை கேட்டது. விரல் பழக்கத்துக்கு நாற்பது பேருடைய பொதுச் சொல்லின் முதல் எழுத்தைத் தேடியது. அவர் கொடுக்காப்புளி என்று அடித்தார், நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக. இன்னொரு முறை? அங்கே நிறுத்தினார். பட்டியலைத் திறந்தார், இருபத்தேழாவது வரி, அலைபேசி எண். மனோன்மணியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இத்தனை நேரம் இருந்தது, இதை மட்டும் கண் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. தன் போனில் அழுத்தினார், ஒரு இலக்கம் தப்பாகி மறுபடி அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

குரல் கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் அதே குரல், யாருங்க என்பதில் கடைசியை இழுப்பதும் அதேதான். அப்பா என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைத்தான் அவர் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டாரே, இப்போது எந்த முகத்தோடு அதை எடுத்து நீட்டுவது.

"யாரு பேசறீங்க?"

"கொடுக்காப்புளி" என்றார்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம், ஏதோ கதவு, அதற்குப் பிறகு ஷெரீன் யாரையோ கூப்பிடும் குரல் தூரத்துக்குப் போய்விட்டது. வெளியே வந்துவிட்டாள், எங்கேயோ படிக்கட்டு ஓரமாக நிற்கிறாள், மூச்சு கேட்டது. இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சொல்லு, உனக்கு மட்டும்தான்னு சொல்லு, இப்போ சொல்லு.

"அது இப்ப இங்க நாப்பத்தொரு பேருக்குத் தெரியும்" என்றாள் அருள்விழி. குரலில் கோபமே இல்லை, சரிப்பா என்ற அதே குரல். "யார் வேணா சொல்லலாம் சார்."

"இல்லம்மா, அது உனக்கு மட்டும்தான், வேற யாருக்குமே" என்று அவர் சொல்லத் தொடங்கியபோது போனில் யாரும் இல்லை. மறுபடி அழுத்தினார். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மணி இரண்டு. போனை மேசையில் வைத்தார். திரையில் கேள்வி அப்படியே நின்றிருந்தது, இன்னொரு முறை என்று. இருட்டில் ஒவ்வோர் எழுத்தாக அடித்து என்டரைத் தட்டினார். கண்ணில் நீர் நின்றதில் எங்கேயோ ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றது திரை. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.